அழுகியவை: பூஜ்யம்

க்ரூயெட்ஸ் குளிர்கிடங்கு. இரவு இரண்டு மணி.
பன்னிரண்டு அறைகளிலும் பிராணவாயுவைக் குறைத்து
ஆப்பிள்களைத் தூங்கப் போட்டிருக்கிறோம்.
மே மாதம் எழுப்புவோம்,
நேற்றுப் பறித்ததுபோல முகம் கழுவி அனுப்புவோம்.
மணிக்கொரு தரம் எண்களைக் குறித்துக்கொள்வது என் வேலை.
மிச்ச நேரத்தில் கணினியில் ஓர் ஊரை ஆள்கிறேன்.

ஊருக்கு எங்கள் நாயின் பெயர், பைக்கா.
நூற்றுப் பன்னிரண்டு பேர், ஒவ்வொருவரும்
என் சுண்டுவிரல் நகத்தில் பாதி.
முதல் மூன்று ஆண்டும் டர்னிப் தின்றார்கள்;
விளையாட்டில்கூட மரம் உடனே காய்த்துவிடாது.
அவர்கள் தலைக்கு மேல் காலிக் கிண்ணம் மிதக்க மிதக்க
மேட்டில் இருபது வரிசை நட்டேன்.

நான்காம் இலையுதிர் காலத்தில்
இரண்டாயிரத்து நானூறு கூடை.
தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

களஞ்சியமோ ஆற்றங்கரையில்.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே,
கைக்கும் வாய்க்கும் நடுவில் என் ஊரில்
ஒரே ஒரு வண்டி இருந்தது.
வண்டிக்காரனுக்கு விளையாட்டு வைத்த பெயர் கஸ்பர்.
பத்துக் கூடை ஏற்றுவான். பாதி வழியில்
குளிர்கிறதென்று வீட்டுக்குப் போவான்,
மணி அடித்தால் தேவாலயத்துக்குப் போவான்.
அறுவடை நடுவே கல்யாணமும் செய்துகொண்டான், பாவி.
மரத்தடியில் கூடைகள் பழுப்பேறின.

சேர்ந்தவை: ஆயிரத்து நானூற்று அறுபது.
அழுகியவை: தொள்ளாயிரத்து நாற்பது.
பிப்ரவரியில் பதினோரு பேர் போனார்கள்.
கல்லறைக்கு இடம் நான்தான் சொடுக்கிக் காட்டினேன்.

மேட்டிலேயே ஒரு களஞ்சியம் கட்டலாம்; மரமில்லை,
இருந்ததையெல்லாம் கணப்பு தின்றுவிட்டது.
சாறு பிழியலாம்; ஆலைக்கு இரும்பு வேண்டும்.
பன்றிக்குப் போடலாம்; பன்றி விற்க வணிகன் வரவேண்டும்,
ஆறு உறைந்தால் அவன் வருவதில்லை.
கடைசியில் ஏழு வரிசையை வெட்டச் சொன்னேன்.
கோடாரிச் சத்தத்தை மட்டும் நன்றாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.
ஒலியை அணைத்தேன்.

ஜெனோன் வெட்டியபோது அணைக்க முடியவில்லை.

அதற்கு முந்தைய பருவத்தில்
பறிகூலி பழத்தின் விலையைத் தாண்டியிருந்தது.
இடாரெட் முழுவதையும் கிளையிலேயே விட்டோம்.
அக்டோபர் முடிவதற்குள் தோட்டமெங்கும் ஒயின் நெடி,
போதையில் தடுமாறும் குளவிகள்,
இரவில் மான்கள்.
அலுவலகப் படிவத்தில் பறித்த எடைக்கு ஒரு கட்டம்,
விற்ற எடைக்கு ஒன்று, அழுகிய எடைக்கு ஒன்று.
"பறிக்காததை எதில் எழுத?" என்று கேட்டார் ஜெனோன்.
அந்தப் பெண் அவர் கையிலிருந்த பேனாவையே
பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றேகாலுக்கு ஏழாம் அறை கூவியது.
பிராணவாயு ஏறுகிறது; எங்கோ ரப்பர் விளிம்பு விட்டுவிட்டது.
செவெரினை எழுப்பினேன்.
இரவுச் சட்டைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான்.
சோப்பு நுரை தடவித் தேடினோம்,
குமிழி எங்கே கிளம்புகிறதென்று.
முழங்கால் உயரத்தில், ஒரு நாணய அகலம்.
இருநூறு டன் ஆப்பிள் அந்த ஓட்டை வழியாக
விழித்துக்கொள்ளப் பார்த்தது.

திரும்பி வந்தால்,
ஊரை நிறுத்திவைக்க மறந்திருக்கிறேன்.
அங்கே நான்கு ஆண்டுகள் ஓடியிருந்தன.
பாலத்தருகே வண்டி நின்றது,
குதிரை இல்லாமல், கஸ்பர் இல்லாமல்.
மிஞ்சியது முப்பத்தாறு பேர்; எல்லாரும் விறகுக்காக
ஆற்றின் அந்தப் பக்கம் போயிருந்தார்கள்.
மேட்டில் பதின்மூன்று வரிசையும் சிவந்து தொங்கின,
பனி விழுந்ததும் அப்படியே மறைந்தன.
ஆண்டறிக்கையைத் திறந்தேன்.

சேர்ந்தவை: பூஜ்யம்.
அழுகியவை: பூஜ்யம்.
இரண்டாவதன் பக்கத்தில் ஒரு பச்சைக் குறி,
பாராட்டாம்.

ஆறரைக்கு வீடு.
ஜெனோன் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.
தினமும் கேட்பதுதான்:
"உன் ஆட்கள் சாப்பிட்டார்களா, யாகோதா?"

"ஒன்றும் அழுகவில்லை" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு ஒரு கட்டையை உள்ளே தள்ளினார்.
இடாரெட். இன்னும் சரியாகக் காயவில்லை,
சீறிக்கொண்டு புகைந்தது.
பைக்கா தும்மிவிட்டு
வெளியே போயிற்று.